கைவிட்ட தெருவின் ஆட்கள்

அடையவளஞ்சான் வீதிப் பக்கமிருந்து ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த ஆட்டோ ஹாரன் சத்தம் எப்போது நின்றது என்று ஜாஹ்னவிக்குச் சொல்லத் தெரியவில்லை. சாயங்கால மழை மாடியில் கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் அரைமணி ஆகியிருந்தது. கூடத்தில் ஈரத் துணி வாடையும் கொசுவர்த்திப் புகையும் கலந்து நின்றன. எமர்ஜென்சி விளக்கடியில் வேலையில் மூழ்கியிருந்தவளுக்குக் காதில் ஏதோ குறைகிறதே என்று மட்டும் பட்டது. மழை நாளில் ஆட்டோக்காரர்கள் இன்னும் அதிகமாகத்தானே ஹாரன் அடிப்பார்கள்? போகட்டும், கொஞ்ச நேரம் நிம்மதி என்று விட்டுவிட்டாள்.

வேலை, மொழிபெயர்க்க வந்த ஒரு விளையாட்டுப் புத்தகம். அதை நேராகப் படித்துக்கொண்டு போக முடியாது. ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் 'இப்படிச் செய்தால் 112-க்குப் போ, அப்படிச் செய்தால் 87-க்குப் போ' என்று அலைக்கழிக்கும் நானூறு பத்திகள். படிப்பவர்தான் தளபதி. முற்றுகையில் மாட்டிக்கொண்ட, ஏழு மதில் சூழ்ந்த ஒரு நகரத்தை மதில் மதிலாக அவர் காப்பாற்ற வேண்டும். அதைத் தமிழில் கேட்ட சென்னைப் பதிப்பகத்தார், "நம்ம ஊர்ப் பேராப் போடுங்க மேடம், பசங்களுக்கு ஒட்டும்" என்றார்கள். ஏழு மதில் என்றால் ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறென்ன ஞாபகம் வரும்? வெளியே இருப்பதற்கு அடையவளஞ்சான் வீதி, அடுத்ததற்குச் சித்திரை வீதி, அதற்கும் உள்ளே இருப்பதற்கு, தான் குடியிருக்கும் உத்திர வீதி. வைத்த பெயர்கள் பிடித்துப்போய், கதையில் வரும் மனிதர்களுக்கும் தெரிந்தவர்கள் பெயரையே சூட்டிவிட்டாள். பூக்காரி செல்லக்கிளி, பால்காரர் நல்லுசாமி, வீணை சொல்லிக்கொடுக்கும் வத்ஸலா மாமி. யாரைக் கேட்டாள்? யாரையும் கேட்கவில்லை.

இன்று சரிபார்க்கும் நாள். எண்கள் சரியான இடத்தில் போய்ச் சேருகின்றனவா என்று ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்க்க வேண்டும். தோற்கிற வழிகளை முதலில் முடித்துவிடுவது அவள் பழக்கம். அவை சீக்கிரம் முடியும். நாலே காலுக்கு, 'அடையவளஞ்சான் வீதியைக் கைவிட்டால் 61' என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தாள். ஐந்து மணிக்கு, 'சித்திரை வீதியைக் கைவிட்டால் 204' என்ற வரிக்கு இன்னொரு டிக். இரண்டையும் ஏனோதானோவென்றுதான் போட்டாள்.

இப்போது 204-ஐப் படித்தாள்.

'எதிரிப் படைக்கு ஏணி கிடையாது, யானை கிடையாது. நீ கைவிட்ட தெருவின் ஆட்களே அடுத்த தெருவுக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். உன் பெயர் அவர்களுக்குத் தெரியும். உன் வீட்டு விஷயம் தெரியும். எதைக் கேட்டாலும் சரியாகப் பதில் சொல்வார்கள். திறந்தால் உன் தெருவும் விழும்.'

போன மாதம் இதை மொழிபெயர்த்தபோது, பசங்க நன்றாகப் பயப்படுவார்கள் என்று சிரித்திருந்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. சித்திரை வீதிப் பக்கம் டீக்கடைப் பாட்டு இல்லை. ஸ்கூட்டர் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. மழை மட்டும்.

நாலே காலுக்கு அடையவளஞ்சான் வீதி. ஐந்துக்குச் சித்திரை வீதி.

மகள் ஹம்ஸா சித்திரை வீதியில், வத்ஸலா மாமி வீட்டில் இருக்கிறாள். எட்டு வயசு. ஐந்து மணிக்கு வீணை கிளாஸ் முடியும்.

ஜாஹ்னவி போனை எடுத்தாள். முதல் மணியிலேயே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"மாமி, ஹம்ஸா கிளம்பிட்டாளா?"

"கிளம்பிட்டாளே." வத்ஸலா மாமியின் குரல் நிதானமாக இருந்தது.

"எப்போ மாமி? அஞ்சுக்கு முன்னாடியா, அப்பறமா?"

"கிளம்பிட்டாளே."

"மாமி, மணி என்ன இருக்கும்னு ஞாபகம் இருக்கா?"

மாமியின் மூச்சு கேட்டது. அதோடு இன்னும் பல பேரின் மூச்சும், எல்லாம் ஒரே சீராக.

"நாங்களும் கிளம்பிட்டோம் ஜாஹ்னவி."

போனை வைத்துவிட்டாள். ரப்பரைத் தேடி எடுத்து, ஐந்து மணிக்குப் போட்ட டிக்கை அழித்தாள். நாலே காலுக்குப் போட்டதையும் அழித்தாள். காகிதம் கிழிகிற வரை தேய்த்தாள். பென்சில் கோடு போய்விட்டது. வெளியே ஒரு ஹாரன்கூடத் திரும்பக் கேட்கவில்லை.

கதவு தட்டும் சத்தம். படபடவென்று, சின்னக் கை.

"அம்மா! கதவைத் தெற."

பாய்ந்து ஓடியவள் தாழ்ப்பாளில் கை வைத்தபின் நின்றுவிட்டாள். பக்கத்து ஜன்னலை விரல் அகலம் திறந்து பார்த்தாள். ஹம்ஸாதான். தலை முதல் கால் வரை தொப்பலாக நனைந்து, பின்னல் கன்னத்தில் ஒட்டி, பல் கிட்டிக்க நின்றாள்.

"எப்போடி கிளம்பினே?"

"தெரியலம்மா. மாமி வாசிச்சிண்டே இருந்தா, திடீர்னு நிறுத்திட்டா. எழுந்து செவரைப் பாத்துண்டே நின்னா. பயந்துபோய் ஓடி வந்துட்டேன்."

"டிபன் டப்பால இன்னிக்கு என்ன வெச்சேன்?"

"தயிர்சாதம். ஊறுகா வேண்டாம்னேன், நீ வெச்சுட்டே. அம்மா, குளுர்றது. தெறயேன்."

சரியான பதில். எதைக் கேட்டாலும் சரியாகப் பதில் சொல்வார்கள்.

என் குழந்தை இது, எனக்குத் தெரியாதா என்றது மனசு. தெரியுமா என்று அதுவே திருப்பிக் கேட்டது. கை தாழ்ப்பாளுக்குப் போனது. திரும்பி வந்தது.

"ஒரு நிமிஷம் இருடி கண்ணா. ஒரே ஒரு நிமிஷம்."

"அம்மா, யாரோ வரா."

"யாருடி?"

"நெறையப் பேர் வரா. அம்மா, நான் ஹம்ஸாம்மா. நெஜமா நான்தான்."

கதவின் கீழ்ப்பாதியில் அடி விழுந்துகொண்டே இருந்தது. அழுகை. விக்கல். ஜாஹ்னவி கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு அடியும் முதுகில் விழுந்தது.

அப்புறம் விழவில்லை.

காதிலிருந்து கையை எடுத்தாள்.

மழை.

டக். டக். டக்.

"அம்மா, கதவைத் தெற."

அதே குரல். நடுக்கம் இல்லை. அழுகை இல்லை.

ஜன்னலுக்குப் போனாள். ஹம்ஸா நேராக நின்றாள். மழைத் தண்ணீர் அவள் திறந்த கண்ணுக்குள் இறங்கி வழிந்தது. அவள் இமைக்கவில்லை. வத்ஸலா மாமியின் கை அவள் தோள்மேல் இருந்தது. பக்கத்தில் நல்லுசாமி. செல்லக்கிளி. அவர்களுக்குப் பின்னால் தெருக்கோடி வரைக்கும் தோளோடு தோள் ஒட்டிய ஆட்கள். ஒருவரிடமும் குடை இல்லை.

எல்லோரும் இந்த ஒரு கதவையே பார்த்தார்கள்.

ஒரு நிமிஷம் முன்னால் நின்றது என் குழந்தை. என் குழந்தையேதான். நான் திறக்கவில்லை.

உத்திர வீதி விழுந்தால் விழட்டும்.

"வந்துட்டேன்டி கண்ணா" என்று தாழ்ப்பாளை இழுத்தாள்.

கதவு திறந்தது. ஹம்ஸா சிரித்தாள். தூக்கிக்கொள் என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அவளுக்குப் பின்னால், தெரு முழுக்க, அத்தனை பேரும் கைகளை நீட்டினார்கள்.