வெள்ளி நிறைஞ்சு போச்சு

பாண்டி பஜாருக்குப் பின்னால், வளையல் கடை மாடியில் இருந்தது அப்துல் கஃபாரின் விசாரணை அலுவலகம். வருவதெல்லாம் பெரும்பாலும் கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பானா, சொன்ன சம்பளம் உண்மையா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். அலைச்சல் அதிகம். அலையும் வேலை ஆட்டோக்காரன் கபாலியுடையது, யோசிக்கும் வேலை கஃபாருடையது.

1997 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. காலையிலேயே வெயில் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. மாடிப்படி ஏறி வந்த பெண் நாற்காலியைப் பார்த்ததும் சாய்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு கணவன் பின்னால் வந்தான். அவள் பெயர் அனன்யா, அவன் சாய்சரண். அடையாறு பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேரும் ஒன்றாக ஆராய்ச்சி செய்கிறவர்கள்.

"செவ்வாய்க் கிரகத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன் சார்," என்றாள் அனன்யா.

கபாலி நிமிர்ந்தான். "அங்க இப்போ ஒரு வண்டி எறக்கிக்கீறாங்களாமே, பேப்பர்ல போட்டிருந்தான். மீட்டர் போட்டு ஓட்றானா மா?"

அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கஃபார் சிரிக்கவில்லை. "விஷயத்துக்கு வாங்கம்மா."

விஷயம் இதுதான். கிரகங்களை ஆராய்கிறவர்கள் கூடும் பயிலரங்கம் ஒன்று சென்னையில் நடக்கப்போகிறது. அதில் பேச விரும்புகிறவர்கள் தாங்கள் கண்டுபிடித்ததை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஆய்வுச் சுருக்கம் என்று பெயர். கோபாலபுரத்தில் உள்ள பயிலரங்க அலுவலகத்தில் அதைக் கொடுக்கக் கடைசி நாள், போன செவ்வாய்க்கிழமை. அனன்யா கொண்டுபோனது நேற்று, வெள்ளிக்கிழமை. வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"மூணு நாள் லேட்டாப் போனீங்களே, ஏன்?"

"என் பக்கம் தயாராத்தான் இருந்தது. படம் மட்டும் கொஞ்சம் மங்கல். கடைசி நாளைத் தள்ளிப் போட்டுட்டான்னு திங்கட்கிழமை சாயந்தரம் போன் வந்தது. அதான் நிதானமா படத்தைத் திரும்பப் போட்டேன்."

"போனை எடுத்தது யாரு?"

"நான்தான்," என்றான் சாய்சரண். "யாரோ ஒரு ஆம்பளை. பயிலரங்க ஆபீஸ்னார். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குன்னார். நான் ஒரு தடவை திருப்பிக்கூடக் கேட்டேன், 'ஆமா, வெள்ளிக்கிழமை'ன்னு தெளிவாச் சொன்னார். ஆபீஸ்ல கேட்டா, நாங்க நாளை மாத்தவே இல்லேங்கறா. அப்படின்னா ஆபீஸ் பேரைச் சொல்லி வேற யாரோ பேசியிருக்கணும். எங்க லேப்ல குருபிரசாத்னு ஒருத்தன். அவனும் செவ்வாய்தான். இவளைக் கண்டா அவனுக்கு ஆகாது."

"உங்க ஆராய்ச்சி எதுல சார்?"

"வெள்ளி. எரிமலைகள்." அவ்வளவோடு நிறுத்திக்கொண்டான்.

கஃபார் அனன்யா பக்கம் திரும்பினார். "இதுல போயிப் பேசலேன்னா என்னம்மா ஆயிடும்?"

"பேசறவாள்ள ஒருத்தருக்கு வடக்கே ரெண்டு வருஷம் ஆராய்ச்சி வேலை தரப்போறா சார். எங்க பேராசிரியர் டிசம்பர்ல ரிட்டயர் ஆறார். அதுக்கப்புறம் எனக்கு லேபும் கிடையாது, மேஜையும் கிடையாது. செவ்வாய்ல ஆறு ஓடின தடம் ஒண்ணைப் பார்த்திருக்கேன், இதுவரைக்கும் யாரும்…"

"ஆறுன்னு சொல்லாதே அனு," என்று சாய்சரண் மென்மையாகக் குறுக்கிட்டான். "இன்னும் நிரூபிக்கலையே."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கஃபார் அவனைப் பார்த்தார், பிறகு அவன் மடியில் இருந்த அவளுடைய பையைப் பார்த்தார்.

அன்று சாயந்தரம் நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகிறது. அதற்குள் பயிலரங்கத் தலைவர் காமாக்ஷி மனசு மாறினால்தான் உண்டு.

*

அடையாறில் ஆய்வுக்கூட வாசல் டீக்கடையில் குருபிரசாத் அகப்பட்டான். ஒல்லியான ஆள், தூக்கம் இல்லாத கண். கபாலி எடுத்த எடுப்பில் கேட்டான்: "இன்னா நைனா, அந்தம்மா மேல அவ்ளோ காண்டா உனக்கு?"

குருபிரசாத் கிளாஸைக் கீழே வைத்தான். "காண்டுதான். இல்லேன்னு சொன்னா பொய். அவ பார்த்த படம் என் மேஜைல நாலு வருஷமா கிடந்தது சார். நான் பாறையைப் பார்த்தேன். அவ வந்து ஆத்தைப் பார்த்தா. அன்னிலேர்ந்து சோறு இறங்கலை."

"அப்போ போன் போட்டு ஏமாத்தின?"

"போய்யா! அவ மேடையேறிப் பேசணும், நான் எழுந்து நின்னு நாலு கேள்வி கேட்டு மடக்கணும். அதுக்காக ராப்பகலா படிச்சுட்டிருக்கேன். அவ வரலேன்னா நான் யாரை மடக்கறது?"

ஆட்டோவில் ஏறியதும் கபாலி சொன்னான்: "இவன்தான் பாய். வாயாலயே ஒத்துக்கினான். இத்தினி பொறாமைய வச்சிக்கினு சும்மாவா இருந்திருப்பான்?"

"வெளில கொட்டிட்டான் கபாலி. கொட்டாம உள்ளயே வச்சிருக்கிற ஆளைத்தான் தேடணும். கோபாலபுரத்துக்கு விடு."

*

கோபாலபுரத்தில் பழைய பங்களா ஒன்றின் முன்னறைதான் பயிலரங்க அலுவலகம். நீள மேஜை. அதன் மேல் வரிசையாக மரத்தட்டுகள். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு வெள்ளையில் எழுதியிருந்தது: திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி.

கபாலி மெதுவாகச் சொன்னான்: "ஞாயித்துக்கிழமை இவங்களுக்கும் லீவு போல பாய்."

மேஜைக்குப் பின்னால் இருந்த உபைத் சத்தமாகவே சிரித்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். எழுத்தர், தட்டச்சர், போன் எடுக்கிறவர் எல்லாம் அவர்தான். "கிழமை இல்ல மாமா, கிரகம்! நிலாவுக்கு வந்த பக்கமெல்லாம் திங்கள் தட்டுல, சனிக் கிரகம் சனித் தட்டுல. அம்மாவுக்கு எல்லாம் தமிழ்லதான் இருக்கணும்."

அம்மா என்றது உள்ளே இருந்து வந்த காமாக்ஷியை. பேராசிரியை. நரைத்த தலை, நிமிர்ந்த நடை. கஃபார் வந்த காரியத்தைச் சொன்னார்.

"எனக்கும் வருத்தம்தான்," என்றார் காமாக்ஷி. "ஆனா வீட்டுக் கவனக்குறைவுக்கெல்லாம் கதவைத் திறந்தா நாளைக்கு வாசல்ல கூட்டம் நிக்கும். யாராவது அந்தப் பொண்ணை வேணும்னே ஏமாத்தியிருந்தா அது வேற. அதைக் காட்டுங்க, வாங்கிக்கறேன்."

கஃபார் உபைத் பக்கம் திரும்பினார். "பாய், நேத்து அந்தம்மா வந்தப்போ நீங்க இருந்தீங்களா?"

"நேத்து ஜும்மா இல்லையா, தொழுதுட்டு வந்து பார்த்தா அந்தம்மா நின்னுட்டு அழுவறாங்க. அடுத்த ஜும்மாவுக்குள்ள புக்கு அச்சாகி வரணும், நான் என்ன பண்றது?"

"உபைத் காலண்டர்ல வெள்ளிக்கிழமையே கிடையாது," என்றார் காமாக்ஷி.

"எப்படிங்கம்மா இருக்கும்? எங்க வீட்டுல அது எப்பவும் ஜும்மா. இங்க வந்தா வெள்ளின்னா இந்தத் தட்டு. நானும் வெள்ளின்னு சொன்னேன்னு வைங்க, அச்சாபீஸ்காரன் எதை எடுத்துட்டுப் போவானோ!"

கஃபார் வெள்ளித் தட்டைப் பார்த்தார். காகிதம் நிறைந்து வழிந்தது. செவ்வாய்த் தட்டில் கால்வாசிகூட இல்லை.

"திங்கட்கிழமை சாயந்தரம் யாருக்காவது போன் பண்ணீங்களா?"

"பண்ணேனே. வெள்ளித் தட்டு நிரம்பிடுச்சு. கடைசியா வந்த நாலஞ்சு பேரோட பக்கத்துக்கு இடம் இல்ல. அம்மா சொல்லச் சொன்னாங்க. வீட்டு நம்பரைச் சுத்தி, எடுத்தவங்ககிட்ட ஒரே பேச்சுதான்: 'வெள்ளி நிறைஞ்சு போச்சு, செவ்வாய்க்கு இடம் இருக்கு. குடுக்கறதுன்னா செவ்வாய்க்குக் குடுங்க.' அவ்ளோதான்."

"அடையாறுல சாய்சரண்னு ஒருத்தர்?"

"அவருக்கும்தான். சரின்னுகூடச் சொல்லாம டக்குனு போனை வச்சுட்டாரு."

கஃபார் கபாலியின் தோளைத் தட்டினார். "போய் மூணு பேரையும் அழைச்சிட்டு வா."

*

மதிய வெயிலில் ஆட்டோ இரண்டு நடை போய் வந்தது. அனன்யா மேஜையின் ஒரு முனையில், பக்கத்தில் சாய்சரண். குருபிரசாத் சுவரில் சாய்ந்து நின்றான். உபைத் தான் பேசியதை எல்லோர் முன்னாலும் மறுபடி சொன்னார்.

முதலில் வாயைத் திறந்தவன் சாய்சரண். நெற்றியில் அடித்துக்கொண்டான். "கடவுளே! கிரகத்தைச் சொன்னேளா? நான் நாள்னு நினைச்சுண்டுட்டேன். தப்பா காதுல விழுந்திருக்கு அனு. யாரும் ஏமாத்தலை. என் தப்புதான்."

அனன்யாவின் முகம் தொங்கிப்போயிற்று. காமாக்ஷி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா வீட்டுக் கவனக்குறைவு. மன்னிச்சுக்கோம்மா."

"ஒரு நிமிஷம்," என்றார் கஃபார். குரலை உயர்த்தவில்லை. "சாய் சார், காலைல எங்கிட்ட என்ன சொன்னீங்க? திருப்பிக் கேட்டேன், அந்த ஆள் 'வெள்ளிக்கிழமை'ன்னு தெளிவாச் சொன்னார்னு. இந்த உபைத் பாய் வாயில வெள்ளிக்கிழமைங்கிற வார்த்தை வராது. இவருக்கு அது ஜும்மா."

"இருக்கலாம். எனக்கு அப்படித்தான் ஞாபகம். வெள்ளின்னு கேட்டிருப்பேன், கிழமைன்னு நானே சேர்த்துண்டிருப்பேன்."

"சரி, அதையும் விட்டுடறேன். நீங்க நாள்னே நினைச்சீங்கன்னு வச்சுப்போம். கபாலி, உனக்குக் கிரகம் தெரியாது. பாய் சொன்னதைக் கேட்ட இல்ல? உனக்கு என்ன புரியுது?"

கபாலி விரலை நீட்டிக்கொண்டு யோசித்தான். "வெள்ளி நிறைஞ்சு பூட்சு. செவ்வாய்க்கு எடம் கீது. அப்டின்னா வெள்ளிக்கிழமை வராத, செவ்வாக்கிழமையே வந்து குட்த்துடு…" விரல் அப்படியே நின்றது. "டேய்!"

"அதேதான்," என்றார் கஃபார். "தப்பாக் கேட்டிருந்தா இந்தம்மா சரியான நாள்ல போயிருப்பாங்க. கிரகம்னு புரிஞ்சாலும் செவ்வாய். கிழமைன்னு புரிஞ்சாலும் செவ்வாய். எந்தப் பக்கம் பிடிச்சாலும் அந்தப் பேச்சு வெள்ளிக்கிழமைக்குக் கொண்டு விடாது. கேட்டதை வேணும்னே புரட்டிப் போட்டாத்தான் அங்க போய் நிக்கும்."

கஃபார் சாய்சரண் பக்கம் திரும்பினார்.

"அந்தப் போன் இந்தம்மாவுக்கு வந்ததே இல்ல. உங்களுக்கு வந்தது சார். உங்க பக்கத்துக்கு இடம் இல்லேன்னு சொல்ல வந்தது. அதே பேச்சுல செவ்வாய்க்கு இடம் இருக்குன்னும் வந்துச்சு. அதாவது உங்க மேஜைக்கு எதிர்ல உக்கார்ந்திருக்கிறவங்களுக்கு. குருபிரசாத் தம்பிக்கு இந்தம்மா மேல இருக்கிற பொறாமையை டீக்கடையே கேட்டுச்சு. நீங்க இந்தம்மா பையையே தூக்கிட்டு நடந்தீங்க. 'ஆறுன்னு சொல்லாதே'ன்னீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு முதல் சந்தேகம்."

சாய்சரண் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மறுக்கப்போகிறான் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவன் மறுக்கவில்லை.

"அஞ்சு வருஷம் சார் அந்த எரிமலை. இவ வந்து எட்டு மாசம்தான் ஆறது. லேப்ல யார் வந்தாலும் இவ மேஜைப் பக்கம்தான் போறா. என்னைப் பார்த்து 'அனன்யாவோட ஹஸ்பெண்டா'ங்கறா. அன்னிக்குப் போனை வச்சதும் திரும்பினேன். இவ படத்தைக் கையில வச்சுண்டு, 'நன்னாயிருக்கா சாய்'னு கேக்கறா. நன்னா இருந்தது. அதான்… வாயில அது வந்துடுத்து."

குருபிரசாத்கூடத் தரையைப் பார்த்தான்.

"உன்னோடதுக்கு இடம் இல்லேன்னு சொன்னாளாமே," என்றாள் அனன்யா மெதுவாக. "அதை என்கிட்ட சொல்லியிருந்தா, அன்னிக்கு ராத்திரி உன் கூட உக்காந்து நானும் அழுதிருப்பேன் சாய்."



காமாக்ஷி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஏமாத்தினா வேறன்னு நான்தான் சொன்னேன். பக்கம் எங்கேம்மா?"

பை சாய்சரணின் தோளில் தொங்கியது. அனன்யா கையை நீட்டினாள். அவன் கழற்றிக் கொடுத்தான். அவள் பக்கத்தை எடுத்தாள், படம் மடங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள், செவ்வாய்த் தட்டில் தன் கையாலேயே வைத்தாள்.

"நீ பேசற அன்னிக்கு முதல் வரிசைல இருப்பேன்," என்றான் குருபிரசாத். "பாறைதான் அது. விட மாட்டேன்."

"வா," என்றாள் அவள்.

வாசலில் கபாலி வண்டியைக் கிளப்பினான். "எங்க மா, அடையாறா?"

"மயிலாப்பூர். எங்க அம்மா ஆத்துக்கு."

சாய்சரண் படியிறங்கி ஓடி வந்தான். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆட்டோவின் கம்பியைப் பிடித்தான். "அனு, நம்மாத்துக்கு எப்ப வருவே?"

அவள் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கு வரேன்."

"எந்த வெ…" என்று ஆரம்பித்தவன் வாய் பாதியில் நின்றது. கம்பியிலிருந்து கை தானாக நழுவியது.

ஆட்டோ கதீட்ரல் ரோடு திரும்புகிறவரை கபாலி பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தான். அனன்யா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கஃபார் கண்ணை மூடியிருந்தார்.

"பாய், தூங்கிட்டியா? அந்தம்மா இன்னா வெள்ளி சொல்லிச்சு? கெழமையா, கெரகமா?"

கஃபார் கண்ணைத் திறக்கவில்லை. "ரோட்டைப் பார்த்து ஓட்டு கபாலி. அதைத் தெரிஞ்சுக்க வேண்டியவர் அங்க வாசல்ல நிக்கிறார்."

"கிழமைதான்," என்றாள் அனன்யா, இன்னும் வெளியே பார்த்தபடி. "ஆனா எந்த வாரம்னு நான் சொல்லலை."