ஜிஞ்சர் பீர் வழக்கு

1934 மார்ச், சனிக்கிழமை காலை எட்டு மணி. பிரிக்ஃபீல்ட்ஸில் பவுனம்மாளின் நாட்டு மருந்துக் கடை வாசலில் ரயில்வே குமாஸ்தா கார்த்திகேசு பேயறைந்தவர்போல் நின்றார்.

"அக்கா, என்ர கட்டுரையக் காணேல்லை!"

ஜிஞ்சர் பீர் என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடி ஆறு மாதம் தூக்கம் கெட்டு ஆங்கிலத்தில் எழுதியது. வாசகசாலைப் போட்டியில் வென்றால் பெயரோடு பத்திரிகையில் வரும். "உன் பாஷை எங்களுக்கு என்ன கொடுத்தது?" என்று ஏளனமாகக் கேட்ட அலுவலக வெள்ளைக்காரத் துரைக்கு அதுதான் பதில்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"நேற்றுப் பின்னேரம். உங்களிட்ட வாங்கின இஞ்சியில ஒரு துண்டு வெட்டி, துரைக்குக் காட்ட முதல் தாளில தைச்சு வச்சனான். விடியப் பாத்தா இல்லை."

"வீட்ல வேற யாரு?"

"கூட வேலை செய்யிற ரமணி மட்டும்தான். அவரும் போட்டிக்கு எழுதுறார்."

பவுனம்மாளுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் கடையைப் பூட்டிக்கொண்டு அவரோடு வாசகசாலைக்குக் கிளம்பினார்.

பத்து மணி. வாசகசாலைத் தலைவர் நாகையாவின் மேசையில் தைத்த இஞ்சித் துண்டோடு அதே கட்டுரை, ரமணியின் பெயரில்! தட்டச்சு செய்தது, கையெழுத்தை ஒப்பிடவும் வழியில்லை.

அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்ற ரமணி அசரவில்லை. "இவருதான் என்னோடதைப் பாத்திருப்பாரு. தைப்பூசத்துக்கு முன்னாலயே எழுதிட்டேன் லா. ரெண்டு மாசம் ஆச்சு."

"இந்த இஞ்சி?" என்றார் பவுனம்மாள்.

"அன்னைக்கே தைச்சேன்."

"அப்புறம் மாத்தலையே?"

"தொடவே இல்லைக்கா."

பவுனம்மாள் துண்டில் நகத்தைப் பதித்தார். சாறு கசிந்தது. விரலை நாகையாவின் மூக்கருகே நீட்டினார்.

"ரெண்டு மாசத்துத் துண்டுன்னா சுக்கா இறுகியிருக்கணும், ஐயா. இது நேத்து என் கூடையில கிடந்தது. சமையக்காரன் கையால சாப்பிடுற புள்ளைங்க, இஞ்சி காயும்னே தெரியல!"

ரமணியின் முகம் வெளுத்தது. "தெரியாம செஞ்சிட்டேன், ஐயா," என்றார் மெதுவாக. நாகையா அந்தப் பெயரை அடித்துவிட்டுப் பேனாவைக் கார்த்திகேசுவிடம் கொடுத்தார்.

"அப்படி என்னதான் எழுதுனீங்க?" பவுனம்மாளுக்கு ஆவல் தாங்கவில்லை.

"பீர் வெள்ளைக்காரரின்ர சொல்லு. ஜிஞ்சர் லத்தீனில இருந்து வந்தது, லத்தீனுக்குக் கிரேக்கம் குடுத்தது. கிரேக்கருக்கு எங்கட நாட்டு வியாபாரிகளோட போனது. அடியில தோண்டினா எங்கட இஞ்சி வேர், அக்கா!"

முப்பது வருடமாகத் தராசில் நிறுத்துப் போட்ட சரக்கு! பவுனம்மாளுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. தாளிலிருந்து துண்டைப் பிரிக்கப்போன நாகையாவை அதட்டித் தடுத்தார்.

"இருக்கட்டும் ஐயா. காஞ்சாலும் வாசம் போகாது. துரை மோந்து பாக்கட்டும்."