சிவப்பு டேப் சுவர்

"பொம்மையைக் காணோம். நாளைக்குக் காலையில ஃப்ளைட்டு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்த நாடக இயக்குநர், யாரும் உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

துப்பறிவாளர் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. தெரிந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் நிதானம். அவருக்கு உதவியாளனாக இருந்த மச்சினனோ அதற்குள் செருப்பை மாட்டியிருந்தான்.

"பொம்மைதானே மேடம், வேற வாங்கிக்கலாமே?" என்றான் மச்சினன்.

"அது எங்க மூணாவது நடிகர்ப்பா. கண்ணை உருட்டும், தலையைத் திருப்பும். அது இல்லாட்டி நாடகமே இல்ல. வெளிநாட்டுக் கலைவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டது இதான் முதல் தடவை. போகலைன்னா அடுத்த தடவை எவனும் கூப்பிட மாட்டான். கடைசிக் காட்சியை அந்த ஊர் பாஷையிலயே வச்சிருக்கேன், தெரியுமா?"

நாடகத்தில் மனிதர்கள் இருவர்தான். வீட்டுக்காரராக இயக்குநரின் கணவர், அந்த வீட்டில் உலவும் ஆவியாக இயக்குநரின் தங்கை. ஆனால் இயக்குநரின் சந்தேகம் தச்சர்மேல்.

"பொம்மை வைக்கிற பெட்டியை மூணு தடவை சின்னதாக்கச் சொன்னேன். இன்னிக்கு முறைச்சுக்கிட்டேதான் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சாரு. அவர் முடிச்சுட்டுப் போறதுக்கு முன்னாடியே நாங்க ஆளுக்கொரு பக்கம் சாப்பிடப் போயிட்டோம். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தா காலி. ஒத்திகை ரூம் சாவி ஜன்னல் மேல இருக்கிறது எங்க நாலு பேருக்குத்தான் தெரியும்."

ஒத்திகை அறை வெறும் கூடம். வெளிநாட்டு மேடையின் அளவுக்குத் தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். அதுதான் வீட்டின் சுவர். ஓர் ஓரத்தில் விட்டிருந்த இடைவெளி, கதவு. சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி. தச்சர் போனபிறகு அடங்கிய மரத்தூள் தரையெங்கும் மாவு சலித்ததுபோல் படிந்திருந்தது. அதில் இரண்டு தடங்கள். ஒன்று வாசலிலிருந்து டேப்பைத் தாண்டி நேராகப் பெட்டிக்குப் போய்த் திரும்பியது.

"அது நான்" என்றார் இயக்குநர்.

மற்றொன்று டேப்பின் ஓரமாகவே போய், இடைவெளியில் நுழைந்து பெட்டியைத் தொட்டு, வந்த வழியே திரும்பியிருந்தது. இந்த அறையில் எல்லாருமே தடித்த காலுறை போட்டுத்தான் நடப்பார்கள். பாதத்தின் அளவு தெரியவில்லை.

"திருடன் குடிச்சிருப்பான் மாமா. நேரா போகத் தெரியல" என்றான் மச்சினன்.

நிதானம் தடத்தைப் படம் எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற நால்வரையும் கூப்பிட்டார். "பெட்டிகிட்ட வாங்க, பேசலாம்."

இயக்குநர் விறுவிறுவென்று நேராக வந்தார். தச்சரும் அப்படியே வந்தார். தங்கை டேப்பின் மேலேயே மிதித்து நடந்தாள். கடைசியாக வந்த கணவர் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"அக்காவுக்கு ஆறுதல் சொல்லுங்க அத்தான். கைதட்டல் எல்லாம் வாங்கினது அந்தப் பொம்மைதானே" என்றாள் தங்கை. "நீங்கதான் கடைசி வசனத்தை எங்க யார் முன்னாடியும் பேசினதே இல்ல. கேட்டா, அங்க வந்து கேளுன்னுடுவீங்க."

"போகலைன்னா போகுது, விடு" என்றார் அவர்.

நிதானம் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "தச்சரே, நீங்க பொம்மையை எடுக்க வந்திருந்தா எப்படி நடந்திருப்பீங்க?"

"இப்ப வந்த மாதிரிதான். வெறும் தரையில எதுக்குங்க சுத்தணும்?"

"அதேதான். வெளியாளுக்கு இது வெறும் டேப். இயக்குநருக்கும் அப்படித்தான், சுவத்தைத் தாண்டித் தாண்டித்தான் திட்டியிருப்பாங்க. ஆவிக்கோ கதவே தேவையில்ல, சுவத்துக்குள்ள நடந்தே பழக்கம். இந்தச் சுவரை நிஜமா நம்பி, கதவு வழியா மட்டும் போய் வர்ற ஆள் ஒருத்தர்தான். இப்பக்கூட அப்படித்தான் வந்தாரு. இல்லாத தாழ்ப்பாளைக்கூட நீக்கினாரு."

எல்லாரும் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். அந்தக் கை அசைந்ததை அவனும்தான் பார்த்தான்.

"அந்த பாஷை என் வாய்ல நிக்க மாட்டேங்குது" என்றார் கணவர், தரையைப் பார்த்தபடி. "ராத்திரி பகலா சொல்லிப் பார்த்துட்டேன். அங்க போய் சபை நடுவுல முழிச்சா உன் பேரும் போகும். திரைச்சீலை மூட்டைக்குள்ள பத்திரமா இருக்கு."

இயக்குநர் அவர் எதிரே வந்து நின்றார். பிறகு, "இதை என்கிட்ட சொல்றதைவிட திருடுறது சுலபமா இருந்துச்சா?" என்றார்.

"உன்கிட்டயா? ஆமா."

தச்சர் சிரித்துவிட்டார். இயக்குநரும் அடக்கிப் பார்த்துத் தோற்றார்.

"நீங்க தமிழ்லயே பேசுங்க. ஒவ்வொரு வரியையும் என் தங்கச்சி அந்த பாஷையில திருப்பிச் சொல்லட்டும். ஆவிக்குத் தெரியாத பாஷையா? தச்சரே, உங்களைத் தப்பா நெனச்சிட்டேன்."

"இருக்கட்டும். நாலாவது தடவை சின்னதாக்கச் சொல்லாம இருந்தா போதும்."

"அப்ப இனிமே கைதட்டல் எனக்கு" என்றாள் தங்கை.

கணவர் பக்கத்து அறையிலிருந்து பொம்மையைத் தூக்கி வந்தார். இடைவெளியில் நுழையும்போது, அதன் தலை கதவு நிலையில் இடிக்காமல் கையால் மறைத்துக்கொண்டார். பொம்மை பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

தச்சரோடு சேர்ந்து பெட்டியைத் தூக்கிய மச்சினன் வாசலை நோக்கி இரண்டு அடி வைத்தான். சிவப்பு டேப் காலடியில் வந்தது. சட்டென்று நின்றான்.

"என்ன தம்பி?" என்றார் தச்சர்.

"இடிச்சிரும்ணே. கதவு வழியா போயிரலாம்."