விட்டு வைத்த மடு

ட்ரிங்... ட்ரிங்...!

ஹரிசங்கர் கார்ட்லெஸ்ஸை எடுத்தான். மறுமுனையில் மூச்சிரைத்தது அவனுடைய பண்ணையாள் பஞ்சநதம்.

"ஐயா... மீன் துறைக்காரங்க வந்திருக்காங்க! ஆத்து மடுவுல எல்லாம் வலை போட்டுக் கெளுத்தி எண்ணறாங்க!"

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு நாளா சுத்தறாங்களாம்யா. எனக்கே இப்பத்தான் தெரியும்."

"தண்டம்! உனக்குப் போடற சோத்துக்கு ஒரு நாயை வளர்த்திருக்கலாம்!"

போனை வைத்தான். 

அந்த மடுக்களில் ஒன்றில்... சித்தீக் கிடந்தான். இடுப்பில் கட்டிய அம்மிக்கல்லோடு!

சித்தீக் அவன் கூட்டாளி. துபாயில் சம்பாதித்துக்கொண்டு வந்து, நீடாமங்கலத்தில் ஹரிசங்கரோடு சேர்ந்து மீன் குளம் வெட்டியவன். வளர்த்தது அரசாங்கம் தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி. கண்டதையும் தின்று கொழுக்கிற ஜென்மம். மார்கழி மழையில் குளத்தங்கரை உடைந்து அத்தனையும் வெண்ணாற்றில் இறங்கியதும் சித்தீக்குக்கு மனசு கேட்கவில்லை. ஆற்று மீனையெல்லாம் அழித்துவிடும், நானே போய் அதிகாரிகளிடம் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினான். ஹரிசங்கர் அவனைக் கிளம்ப விடவில்லை!

கேட்டவர்களிடம், "துபாய்க்கே திரும்பிட்டான்" என்றான்.

ஹரிசங்கர் பம்பாயில் வளர்ந்த மேதாவி! கரை புரண்ட ஆற்றைப் பார்த்ததும், அது வருஷம் முழுக்க அப்படியே ஓடும் என்று நம்பிவிட்டான். தை மாதம் மேட்டூர் அணையை மூடினால் வெண்ணாறு மணலாகி, ஆழமான மூன்று மடுக்களில்தான் தண்ணீர் நிற்கும் என்பது இங்கே கோவணம் கட்டாத பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

காரை விரட்டினான்.

மடு ஓரமாக ஆற்று மணலில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். நடுவில் ஒரு பெண், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, துள்ளுகிற நாட்டுக் கெளுத்தியைப் பலகையில் வைத்து நீளம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் ஆபீசரா?" ஹரிசங்கர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தினான். "படிச்சுட்டு இந்த நாத்தத்துக்கா வந்தீங்க?"

"ஃபஹ்மிதா. மீன் துறை ஆய்வாளர்." அவள் நிமிரவில்லை. "நாட்டுக் கெளுத்தி அத்துப் போற நிலைமை சார். எங்கே பார்த்தாலும் ஆப்பிரிக்கன். இன்னிக்கு மடுவை எல்லாம் அரிச்சு அதை எடுக்கப் போறோம். நாட்டுக் கெளுத்தியும் கூடவே செத்துடும்... அதனால விதைக்குன்னு ஒரு மடுவை மட்டும் தொடாம விட்டு வைப்போம்."

ஹரிசங்கர் காதைத் தீட்டிக்கொண்டான்.

தொடாமல் விடுவார்களா!

"எதை விடப் போறீங்க?"

"கோயில் மடு, மதகு மடு, ரயில் பாலத்து மடு... எங்களுக்கு மூணும் ஒண்ணுதான். ஊர்ல பெரிய மனுஷர், நீங்களே சொல்லுங்களேன்."

அவனுக்குச் சிரிப்பு பீறிட்டது. மக்கு! இதற்கெல்லாம் மாசாமாசம் சம்பளம் கொடுக்கிற சர்க்காரை என்ன சொல்ல?

"ரயில் பாலத்து மடு! அதுல ஒரு தூண்டில் கூட விழக் கூடாது. என் செலவுல முள்வேலி போடறேன். வாட்ச்மேன் போடறேன். ஊர் முன்னாடி சொல்றேன்!"

"நல்ல மனசு சார் உங்களுக்கு. சும்மா ஒரே ஒரு தடவை வீச்சு வலை போட்டுப் பார்த்துட்டு..."

"வேண்டாம்மா! வலை கிழிஞ்சிடும். அடியில அம்மிக்கல் கிடக்கு!"



ஃபஹ்மிதா இப்போதுதான் நிமிர்ந்தாள். "மணல் ஆறு சார் இது. அம்மிக்கல் எப்படி வந்தது?"

"அது... யாராவது போட்டிருப்பாங்க..."

"போட்டிருக்காங்க!"

குரல் பின்னாலிருந்து வந்தது. ஓரமாக உட்கார்ந்து வலை மடித்துக்கொண்டிருந்த லுங்கி ஆசாமி எழுந்து மணலைத் தட்டினார்.

"நான் போலீஸ் இன்ஸ்பெக்டர் வைத்தியலிங்கம். சித்தீக்கையும் அம்மியையும் நேத்துச் சாயங்காலமே எடுத்தாச்சு மிஸ்டர் ஹரிசங்கர். ரயில் பாலத்து மடுவுல மேடம் கெளுத்தி எண்ணப் போட்ட வலையில மாட்டுச்சு. வலைக்காரங்க தரங்கம்பாடி ஆளுங்க... ஊர்ல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை."

ஹரிசங்கர் ஓர் அடி பின்வாங்கினான்.

"அ... அப்போ எதுக்கு இந்த நாடகம்?"

"பிணம் கிடைச்சுது. போட்டது யாருன்னு கிடைக்கலையே! பாஸ்போர்ட் பீரோவுல இருக்கு, என் புருஷன் எப்படித் துபாய் போயிருப்பார்னு சித்தீக் சம்சாரம் கமருன்னிஸா ஸ்டேஷன்ல வந்து அழுதாங்க. உங்க மேல சந்தேகம் இருந்துச்சு, சாட்சி இல்லை. இப்போ பத்துப் பேர் இருக்காங்க!"

ஹரிசங்கர் ஃபஹ்மிதாவை முறைத்தான். "ஒரு மடுவை விட்டு வைக்கணும்னு சொன்னது..."

"சுத்தப் பொய்! ஆப்பிரிக்கன் நுழைஞ்ச மடுவை எந்த முட்டாளாவது விட்டு வைப்பானா? அடுத்த வெள்ளத்துல ஆறு முழுக்க அதுதானே இருக்கும்! குளம் வெச்சு மீன் வளர்க்கறவர்... இதைக் கூடக் கேட்கலையே சார் நீங்க!"

கேட்டிருக்கலாம்தான். மீன் பிடிக்கிற பொம்பளையிடம் போய்ப் பாடம் கேட்பதா என்கிற கொழுப்பு! விலங்கு மாட்டியபோதும் அது முழுசாக இறங்கவில்லை.

"ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு என்னை என்ன பண்ணிட முடியும்? எத்தனை நாள் பிடிச்சு வெச்சிருப்பீங்க? விட்டுத்தானே ஆகணும்!"

ஃபஹ்மிதா கையிலிருந்த நாட்டுக் கெளுத்தியைத் தண்ணீரில் நழுவ விட்டாள்.

"நாங்க பிடிச்சா நீளம் அகலம் அளந்துட்டு விட்டுடுவோம் சார்... இன்ஸ்பெக்டரும் அளப்பார். ஆனா ஜெயில் சட்டை தைக்க!"