முன்பலகை

நீல டிரம்மின் அடியில் தண்ணீர் கிடந்தது.

அதிகமில்லை, ஒரு கை கொள்ளும் அளவுதான். ஆனால் போன வருஷம் லார்ன் தன் கையாலேயே கழுவித் துடைத்து, மூடியை இறுக்கி, வீட்டுக் கராஜின் மேல்தட்டில் ஏற்றிவைத்த டிரம் அது. இன்று காலைதான் இறக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஏரித் துறையிலிருந்த இந்த ஷெட்டுக்கு வந்தான். நடுவில் யாரும் தொடவில்லை. திறந்தால் பழைய பிளாஸ்டிக் வாடை வரலாம், மிஞ்சிப்போனால் ஒரு செத்த ஈ கிடக்கலாம். தண்ணீருக்கு அங்கே என்ன வேலை? குனிந்து முகர்ந்தான். பாசிக் கல்லும் பனி உருகிய மண்ணும் கலந்த ஒரு வாடை, ஜில்லென்று, மூக்கில் ஏறி அடித்தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. வடகனடாவில் இந்த யெல்லோநைஃப் ஊரின் ஏரித் தண்ணீர் இப்படி நாறாது. அவனுக்குத் தெரிந்து அந்த வாடை ஒரே ஓர் ஆற்றுக்குத்தான் உண்டு. அது இங்கிருந்து நானூறு கிலோமீட்டர் வடகிழக்கே, மரமே முளைக்காத பூமியில் ஓடுகிறது.

கராஜ் கூரை ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துணியால் துடைத்தான். இறுக்கி மூடிய டிரம்முக்குள் கூரை எப்படி ஒழுகும் என்று கேட்க ஆள் இல்லை, நல்லவேளை.

நாளைக் காலை ஏழு மணிக்கு மிதவை விமானம் வந்து அவனையும் ஒடிலையும் படகோடு ஏற்றிக்கொண்டு போய் அந்த ஆற்றின் தலைமாட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து முப்பத்திரண்டு நாள் துடுப்பு. ஒடில், ரெமியின் தங்கை. ரெமி, இருபது வருஷம் லார்னோடு ஒரே கேனோப் படகில் முன்பலகையில் உட்கார்ந்து துடுப்புப் போட்டவன். போன ஜூலையில் அந்த ஆற்றில் செத்தவன். உடல் கிடைக்கவில்லை. அண்ணன் செத்த இடத்தில் நின்று ஒரு சிலுவை நட வேண்டும், கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஒடில் கேட்டபோது அவனால் மறுக்க முடியவில்லை. மறுத்திருந்தால் இந்தச் சின்ன ஊர் சும்மா இருந்திருக்குமா?

ஊருக்கு அவன் சொன்ன கதை சுருக்கமானது. பாறைகளுக்கு நடுவே படகு கவிழ்ந்தது, ரெமி அந்த நொடியே மூழ்கிவிட்டான், யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. அழுதுகொண்டே சொன்னான். அழுகை நிஜம்தான், கதைதான் பொய். ரெமி மூழ்கவில்லை. கரையிலிருந்து இருபது அடியில் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, லார்ன், லார்ன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். லார்னின் காலடியில், தண்ணீரில் விழுந்தவருக்கு வீசும் எழுபது அடிக் கயிற்றுப் பை கிடந்தது. அதே நேரத்தில் மிச்சமிருந்த சாப்பாடு மொத்தமும் அடைத்த நீல டிரம் ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. லார்ன் டிரம்மைப் பார்த்தான், ரெமியைப் பார்த்தான். "முதல்ல சாப்பாடு, ரெமி. இதோ வந்துடறேன்" என்று கத்திவிட்டுக் கரையோரமாக டிரம்மின் பின்னால் ஓடினான். கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது பாறை காலியாக இருந்தது. சாட்டிலைட் போன் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது, விமானம் மறுநாளே வந்துவிட்டது. ஊர் திரும்பும்வரை அந்த டிரம்மை அவன் திறக்கக்கூட இல்லை.

பாவி, இதை எவரிடமும் சொன்னதில்லை. குடித்தபோதும் சொன்னதில்லை. இப்போது அவனுடைய ஒரே பிரார்த்தனை, ஆற்றில் இந்த வருஷம் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும், அந்தப் பாறை முங்கிக் கிடக்க வேண்டும். கரைக்கு இவ்வளவு பக்கத்தில் பாறை தெரிந்தால் ஒடிலுக்குக் கணக்குப் போட ஒரு நிமிஷம் போதும்.

டொக்.

லார்ன் திரும்பினான். ஷெட்டின் பின்சுவரை ஒட்டி, இரண்டு மரக்கட்டைகள்மேல் ரெமியின் சிவப்புப் படகு கவிழ்ந்து கிடந்தது. தேடப் போனவர்கள் ஆற்றின் கீழ்ப்போக்கில் கண்டெடுத்துக் கொண்டுவந்தது; லார்ன்தான் ஓட்டையை அடைத்தான். இந்தப் படகில்தான் போக வேண்டும் என்று ஒடில் ஒற்றைக் காலில் நின்றாள். ரெமிக்கு ஒரு பழக்கம் உண்டு. கரையை விட்டுக் கிளம்பும் முன் துடுப்பின் கட்டையால் படகின் விளிம்பில் ஒரு தட்டு. ஒரே தட்டு.

மரம் வெயிலில் விரிந்து சத்தம் போடும் என்று நினைத்துக்கொண்டான். மணி மாலை எட்டு, வெயில் இன்னும் கூரைக்கு மேலேதான் நின்றது. ஜூன் கடைசி. இந்த ஊருக்கு இருட்டு வர இன்னும் பல வாரம் ஆகும். இருட்டு வந்தால் தேவலை என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது. இந்த வெளிச்சத்தில் எந்த மூலையும் ஒளிய இடம் கொடுக்கவில்லை.

ஒடில் நீளமான மேசையில் சாப்பாட்டுப் பைகளை நாள் வாரியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். ஓட்ஸ், மாவு, காய்ந்த கரிபூ மான் இறைச்சி, தேயிலை. நாற்பது வயது, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், கைவேலையில் கெட்டி. லார்ன் ஒரு பையைப் பிரித்துப் பார்த்தான். இறைச்சி மூன்று பொட்டலமாக இருந்தது. அடுத்த பையிலும் மூன்று. மேசை ஓரத்தில் தகரக் குவளைகள் மூன்று. மூன்றாவதின் பிடியில் ரெமி சுற்றிய பச்சை நூல்.

"ஒடில், நம்ம ரெண்டு பேர்தானே?"

"எனக்கு எண்ணத் தெரியும், லார்ன்." தலையை நிமிர்த்தவில்லை. "என்னமோ மாமியார் மாதிரி ஒவ்வொரு பையா நோண்டிக்கிட்டு இருக்கீங்க. போய்ப் படகைத் தூக்குங்க. ஏத்திப் பாக்கணும்."

முந்தின நாளே படகைத் தண்ணீரில் போட்டுச் சமம் பார்ப்பது இங்கே எல்லோருடைய வழக்கம். பின்பலகையில் ஒருவன் மட்டும் உட்கார்ந்தால் படகின் மூக்கு ஒரு சாண் தூக்கிக்கொள்ளும். துறையில் நிற்பவர் அதைப் பார்த்து, மூட்டைகளை எங்கே வைப்பது என்று சொல்லுவார். இருவரும் படகைத் தூக்கினார்கள். முப்பது கிலோ தாண்டாத படகு என்று அவனுக்குத் தெரியும், ஆனால் முன்பக்கம் பிடித்த அவனுக்கு இன்று தோள் இறங்கியது. ஒடில் பின்பக்கத்தைச் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

துறையில் படகை இறக்கினார்கள். ஒடில் திரும்பிப் போய் நீல டிரம்மில் சில சாப்பாட்டுப் பைகளைப் போட்டு மூடி எடுத்துவந்து பலகை ஓரத்தில் வைத்தாள். பக்கத்தில் கயிற்றுப் பை. ஏரி அசையாமல் கிடந்தது, கொசு ரீங்காரம் தவிர ஒரு சத்தமில்லை.

கிளம்பும் முன் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை புகையிலை போடுவது ரெமி வீட்டாரின் முறை. வருஷா வருஷம் லார்னுக்கும் சேர்த்து ரெமிதான் போடுவான். ஒடில் போடவில்லை. வழக்கமாக இதையெல்லாம் பொருட்படுத்தாத லார்ன் இன்று தானாகவே கேட்டான்.

"புகையிலை போடலையா?"

ஒடில் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள். "தண்ணிக்குப் போன வருஷமே குடுத்தாச்சே."

லார்ன் லைஃப் ஜாக்கெட்டை மாட்டக்கூடத் தோன்றாமல் பின்பலகையில் ஏறி உட்கார்ந்தான், ஒரு தள்ளுத் தள்ளினான். படகு துறையை விட்டு விலகியது.

மூக்கு தூக்கவில்லை.

படகு ஏரியின்மேல் சமமாக மிதந்தது. இரண்டு ஆள் உட்கார்ந்த படகு எப்படி மிதக்குமோ அப்படி. லார்ன் பின்னால் சாய்ந்து பார்த்தான். அசையவில்லை. முன்னே பார்த்தான். முன்பலகை காலி. கயிற்றால் பின்னிய இருக்கை, அதன்மேல் மாலை வெயில்.

பின்னல் கீழே தொய்ந்திருந்தது.

அந்த வாடை வந்தது. பாசிக் கல். பனி உருகிய மண்.

"எப்பிடி இருக்கு, ஒடில்?" முன்பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"நேரா இருக்கு" என்றாள் துறையிலிருந்து. "எப்பவும் போல."

டொக்.

விளிம்பில். அவனுக்கு எதிரே, ஏழடியில். படகு நகரத் தொடங்கியது. லார்ன் துடுப்பைத் தண்ணீரில் குத்திப் படகைப் பின்னுக்குத் தள்ளப் பார்த்தான். படகு முன்னால் போனது. மறுபடி தள்ளினான். இருபது வருஷமாகக் கேட்ட அதே தாளத்தில் முன்பக்கம் தண்ணீர் கிழிபடும் சத்தம், கிழிபட்ட இடத்தில் சின்னச் சின்னச் சுழிகள். துறை இருபது அடி தள்ளிப் போயிருந்தது. மூக்கு இறங்கியது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு விரல். மூன்று. ஜூன் மாத ஏரி, பனி உருகி மூன்று வாரம்தான் ஆகிறது, விழுந்தவனுக்குக் கை கால் ஐந்து நிமிஷம்கூட வேலை செய்யாது.

"ஒடில்! கயிறு! கயித்தைப் போடு!"

அவள் காலடியில் கயிற்றுப் பை இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பக்கத்தில் நீல டிரம், யாரும் தொடாமல், பலகை ஓரத்திலிருந்து சாய்ந்து தொப்பென்று ஏரியில் விழுந்து, துறையை ஒட்டி மெல்ல மிதந்து போனது. ஒடில் டிரம்மைப் பார்த்தாள், லார்னைப் பார்த்தாள்.

"முதல்ல சாப்பாடு, லார்ன்" என்றாள். "இதோ வந்துடறேன்."

அவசரமில்லாமல் மண்டியிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டிரம்மை எட்டிப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

லார்ன் கத்த வாயைத் திறந்தான். படகு நின்றுவிட்டது. முன்னால் தண்ணீர் கிழிபடும் சத்தமும் நின்றுவிட்டது. விளிம்பின் இரு பக்கமும் வெயிலில் காய்ந்திருந்த மரத்தில் ஈரம் படர்ந்தது, ஒரு பக்கம் ஐந்து விரல், மறுபக்கம் ஐந்து விரல். இருபது வருஷம் அவன் அந்தப் பலகையில் ஒரு முதுகை மட்டுமே பார்த்திருக்கிறான். முன்னால் இருப்பவன் துடுப்புப் போடும்போது திரும்ப மாட்டான்.

தொய்ந்த பின்னல் மெல்ல முறுகியது. உட்கார்ந்திருப்பவன் பின்னால் திரும்பும்போது முறுகுமே, அப்படி.