காற்று அட்டையில் நான்காவது பெயர்

நிலாவில் இருக்கும் நிலவூரில் அது இரவின் ஒன்பதாம் நாள். விடிய இன்னும் ஐந்து நாள் இருந்ததால் யாரும் சன்னல் பக்கம் பார்ப்பதில்லை. சங்கு ஊதினால் எழுவார்கள், மறுபடி ஊதினால் படுப்பார்கள். படுக்கைச் சங்கு ஊதி வெகுநேரம் ஆகியும் தூக்கம் வராத பதினேழு வயதுச் செங்கொடி, சமையற்கட்டுக்கு வந்தாள். அங்கே வீட்டு வேலை செய்யும் மனைப்பொறி பவுனு அப்போதுதான் சுவரில் கம்பியைச் செருகி மின்னேற்றிக்கொண்டிருந்தது.

“பவுனக்கா, பயமா இருக்கு. நாளைக்குத்தான் கடைசி நாளு.”

“காலேஜு பீஸுக்கா? வீட்ல மொத மொதல்ல டிகிரி படிக்கிற புள்ளைக்கு கவர்மெண்டே பீஸ் கட்டுமே பாப்பா.”

“நம்ம வீட்ல ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருக்காம்.”

“யாரு?”

“நீதான்.”

பவுனுவின் கண் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது.

நிலவூரில் காற்று அளந்துதான் கிடைக்கும், காற்று அட்டையில் உள்ள தலைகளை எண்ணி. பனிக்கட்டிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் அப்பா மாரிசெல்வம், பவுனுவை வாங்கிய அன்றே ‘மூத்த மகள்’ என்று அட்டையில் ஏற்றிவிட்டார். மூச்சே விடாத மகளின் பங்கு மாதாமாதம் தவறாமல் வந்தது. தெருவே அப்படித்தான் செய்தது. போன வருடம் பவுனுவுக்கு ஏற்றிய மென்பொருளோடு மனையியல் பட்டமும் இலவசமாக வந்தது. அப்பா அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, மேலே பூவும் வைத்தார்.

“காலேஜ் இல்லைன்னா சுரங்கந்தான். எனக்கு ஹெல்மெட் அளவுகூட எடுத்துட்டாங்கக்கா.”

“அழாத. பவுனு குடும்பத்துல சேத்தி இல்ல, வெறும் மெஷினுன்னு மனு எழுது. பேரை அடிச்சிருவாங்க.”

“உனக்கு வருத்தமா இருக்காதா?”

“வருத்தத்துக்குத் தனி மென்பொருள் பாப்பா. அப்பா அது வேணாம்னுட்டாரு.”

மறுநாள் அப்பாவும் மகளும் மனுவோடு, சான்றிதழ் தரும் அலுவலகத்துச் சான்றுப்பொறியின் முன் நின்றார்கள்.

“அக்கா, அக்கான்னு கூப்பிடுறே. இப்போ மெஷினுங்கிற. ஆதாரம்?” என்றது சான்றுப்பொறி.

செங்கொடி கடகடவென்று கொட்டினாள். “வீட்டு கேமராப் பதிவ பாருங்க சார். எல்லாருக்கும் முன்னாடி அது எந்திரிக்கும். எல்லாரும் படுத்தப்புறந்தான் சார்ஜ் போடும், அதுவும் மிச்சமிருக்கிற கரண்டுல. எதுக்காச்சும் அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கமா? ஒரு நாள் லீவு உண்டா? குடும்பத்துல ஒரு ஆளை இப்படி வெச்சிருப்பமா சார்?”

ஆறு வருடப் பதிவை ஆறு நொடியில் பார்த்து முடித்தது சான்றுப்பொறி.

“நியாயமாத்தான் இருக்கு. ஏத்துக்கிட்டேன்.”

முதல் பட்டதாரிச் சான்றிதழும் புதுக் காற்று அட்டையும் வெளியே வந்தன. செங்கொடி துள்ளினாள். அட்டையைப் படித்த அப்பாவுக்கோ முகம் வெளுத்தது. அதில் இரண்டே பெயர்கள்: மாரிசெல்வம், செங்கொடி.

“சார், என் சம்சாரம் பேரக் காணுமே?”

“உங்க பொண்ணு சொன்ன அடையாளம் வீட்ல ரெண்டு பேருக்குப் பொருந்துச்சு. ரெண்டையும் எடுத்துட்டேன்.”

“ஐயய்யோ, அவ மனுஷிங்க! மூச்சு விடுறவ!”

“அப்படின்னா முப்பது நாள் பதிவு கொண்டாங்க. தினம் ஒரு தடவையாச்சும் வீட்ல யாராவது அந்தம்மாவ ‘சாப்டியா’ன்னு கேட்டிருக்கணும்.”

விண்ணுடை தைக்கும் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்த அம்மா பேச்சியம்மாள், செருப்பைக் கழற்றியதும் நேரே அடுப்படிக்குப் போனாள். மாரிசெல்வம் சுவர்க் கேமராவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். செங்கொடி அவரை இடித்தாள்.

“பேச்சி… நீ சாப்டியா?”

கரண்டி கை நழுவி விழுந்தது. ஓடிவந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள் பேச்சியம்மாள்.

“பவுனு! டாக்டரக் கூப்பிடு, ஓடு! இவருக்குக் காத்துப் பத்தலடீ!”