நாலாவது படத்தில் அவள் இல்லை

அமிர்தலிங்கம் வந்தபோது சாம்பசிவம் செவ்வந்திச் செடிகளில் பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். திரிங்காப் சரிவில் முட்டைக்கோஸ் போடும் அமிர்தலிங்கம் எதற்கும் அசையாத மனிதர். காட்டுப்பன்றி பாதித் தோட்டத்தை உழுதுவிட்டுப் போன வருஷம்கூட, "அதுக்கும் வயிறு இருக்குல்ல" என்றவர். அன்று காலையில் அவர் இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"அண்ணே, எம் மக திலகத்த வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பேய் பிடிச்சிருக்காம்."

பக்கத்தில் லோரிக்குப் பூக்கூடை ஏற்றிக்கொண்டிருந்த முருகையா கூடையை அப்படியே கீழே வைத்தான். மலையடியிலிருக்கும் தாப்பாவுக்குக் காய்கறி ஏற்றிப் போவது அவன் தொழில். சாம்பசிவத்தின் பின்னால் அலைவது அவன் பைத்தியம். ஈப்போவில் போலீஸுக்குப் படம் பிடித்து ஓய்வு பெற்ற சாம்பசிவத்திடம் இந்த மலையில் யாராவது வழக்கு கொண்டுவந்தால், அவரைவிட முருகையாவின் காதுதான் முதலில் நிமிரும்.

அமிர்தலிங்கம் நாலு படங்களை நீட்டினார். மருமகன் சுப்பிரமணியம் பொங்கலன்று மாலை தன் வீட்டில் எடுத்தவை. திலகம் பொங்கல் பானைக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால், திறந்த கதவை ஒட்டி, காஸ் விளக்கு வைத்திருந்தார்களாம். முதல் படத்தில் அந்த இடத்தில் தரையிலிருந்து கூரைவரை வெள்ளையாக ஓர் உருவம் நின்றது. தலை இருந்தது, தோள் இருந்தது, முகம் இல்லை. இரண்டாவதில் அது இடுப்பளவு. மூன்றாவதில் குழந்தை அளவு. நாலாவதில் விளக்கு மட்டுமே இருந்தது. படத்தை முருகையா நுனிவிரலால்தான் திருப்பிக் கொடுத்தான்.

"மருமகனோட மொத சம்சாரம் பவளம்னு சொல்றாங்கண்ணே. மஞ்சக்காமாலையில போன பொண்ணு. சுருங்கிச் சுருங்கி எம் மக ஒடம்புக்குள்ள எறங்கிருச்சாம். நாலாவது படத்துல இல்லைன்னா உள்ள போயிருச்சுன்னு அர்த்தம்னு பூசாரி சொல்றாரு. நாளைக்கு வேப்பிலை அடிக்கிறாரு. அதுலயும் போகலைன்னா தாலிய வாங்கிக்குவோம்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. அப்புறம் இந்த மலையில எம் பொண்ண யாரு மதிப்பாங்க?"

"கேமரா எப்படிப்பட்டது?" என்றார் சாம்பசிவம்.

"சட்டைப் பையில அடங்கிடும். ஜெர்மன்காரன் சாமான். சீமைக்குத் திரும்பிப் போன எஸ்டேட் துரை மருமகனுக்குக் குடுத்தது. பவளம் செத்த மறுமாசம். அத அவரு கண்ணு மாதிரி பாத்துக்குவாரு."

திலகத்தையும் ஏற்றிக்கொண்டு எல்லாரும் லோரியில் மருமகனின் எஸ்டேட்டுக்குக் கிளம்பினார்கள். அமிர்தலிங்கம் பின்னால் கூடைகளோடு உட்கார்ந்தார். திலகம் முன்னால் உட்கார்ந்தாள். லோரி பிரிஞ்சாங் ஊரைத் தாண்டியது. தேயிலைச் சரிவுகள் தொடங்கி, மூடுபனி கண்ணாடியில் வந்து மோதியபோது, "எனக்குள்ள யாரும் இல்லைங்க" என்றாள் திலகம். "ஆனா அவரு ராத்திரியில எழுந்து ஒக்காந்துக்கிட்டுப் பாப்பாரு. என்னையப் பாக்க மாட்டாரு. எனக்குப் பின்னால பாப்பாரு."

முருகையா அதற்குப் பிறகு கண்ணாடியில் பின்பக்கம் பார்க்கவே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்கோ பட்டப்பகலில் வெளுத்ததெல்லாம் பேயாகத் தெரிந்தது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைனில், மருமகன் வீட்டு வாசலில் மாமியார் மணியம்மா நின்றாள். திலகம் படியேறக் கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். பெண் லோரியிலேயே இருந்தாள். சாம்பசிவம் மட்டும் முருகையாவோடு சமையல்கட்டுக்குள் போனார். அடுப்பில் பெரிய அண்டாவில் வெந்நீர் கொதித்து, அறை முழுக்க ஆவி. இரண்டடி வைப்பதற்குள் அவருடைய மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. மனிதர் துடைக்காமல், குருடன் மாதிரி அப்படியே நின்றார். கண்ணாடி தானாகவே மெல்லத் தெளிந்தது. முருகையா சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"மொதல்ல வந்தவ ஆசையோட போயிட்டா" என்றாள் மணியம்மா. "அவ துணிமணி, கல்யாணப் படம் எல்லாத்தையும் அவகூடவே வெச்சு மூடினேன். பேரக் கேட்டாலே எம் மகன் சோறு திங்க மாட்டான். அதனால இந்த வீட்ல அந்தப் பேர யாரும் சொல்லக் கூடாதுன்னு வெச்சேன். அப்படியும் வந்துட்டா பாருங்க."

அடுத்த வீட்டிலிருந்து தண்ணீர் எடுக்க ஓர் இளம்பெண் வந்தாள். நீலாவதி, பவளத்தின் தங்கை. அவள் தோளில் வெள்ளைச் சால்வை. அக்கா போனால் தங்கச்சியைக் கட்டிவைப்பது வழக்கம், ஜாதகம் பொருந்தாமல் இவளைத் தள்ளிவிட்டார்கள் என்று அமிர்தலிங்கம் வழியில் சொல்லியிருந்தார். முருகையாவுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது.

வெளியே வந்ததும், "முடிஞ்சுதுண்ணே. சால்வையப் போட்டுக்கிட்டுப் பின்னால நின்னது இவதான். பொறாமைலா" என்றான்.

"விளக்குக்கு முன்னால ஆள் நின்னா என்ன ஆகும், முருகையா?"

"வெளிச்சம் மறையும்."

"படத்துல மறையலியே. பரவி நிக்குது. அது துணியில்ல, வெளிச்சம். வா, ஃபேக்டரிக்குப் போகலாம்."

சுப்பிரமணியம் தேயிலை ஃபேக்டரியில் கணக்கெழுதும் கிராணி. மெலிந்த, துடைத்துவைத்தது போன்ற மனிதன். உலர்த்தும் அறையின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினான். உள்ளே தேயிலைத்தூள், அதன் மேல் துணியில் சுற்றிய கேமரா.

"மலைக்காத்து ஈரம் கண்ணாடிக்கு ஆகாதுங்க. காளான் பிடிச்சா கேமரா போச்சு. புதுத்தூள் ஈரத்த இழுத்துக்கும். புதன்கிழமைக்குப் புதன்கிழமை மாத்திடுவேன், நேத்துகூட மாத்துனேன். தோலுறைய உள்ள வைக்க மாட்டேன், அது தண்ணி குடிக்கும். கண்ணாடிய வெரலால தொட மாட்டேன்." கேமராவைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் முகத்தில் உயிர் வந்தது.

"பொங்கலன்னிக்கு?"

"இங்கேருந்துதான் எடுத்துட்டுப் போனேன். சூடா, டின்னோட, துண்டுல சுத்தி. வீட்டுக்குப் போனதும் படம் எடுத்தேன்."

சாம்பசிவம் டின்னிலிருந்து ஒரு சிட்டிகைத் தூளை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கினார். அப்புறம் பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு சிட்டிகை. குவியல் தூள் மொறுமொறுவென்று நொறுங்கியது. டின் தூள் சத்தமே போடாமல் அமுங்கியது. கேமராவின் முன்வளையத்தில் ஒரு முகம், இரண்டு ஆள், ஒரு மலை என்று தூரத்துக்கான சின்னங்கள் இருந்தன. முள் மலையில் நின்றது. அவர் எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட்டு, "தம்பி, வீட்டுக்கு வாங்க. எல்லாரும் இருக்கணும்" என்றார்.

நீலாவதியையும் கூப்பிட்டு, எல்லாரும் சமையல்கட்டில் கூடினார்கள். திலகம் வாசற்படிக்கு வெளியே தகப்பனாரோடு நின்றாள். ஆவியில் எல்லார் முகமும் மங்கித் தெரிந்தது. முருகையா கதவை அடைத்துக்கொண்டு நின்றான். குற்றவாளி ஓடினால் பிடிக்க வேண்டுமல்லவா?

"கொஞ்ச நேரத்துக்கு முன்னால என் கண்ணாடிய முருகையாவும் இந்தம்மாவும் பாத்தாங்க" என்று ஆரம்பித்தார் சாம்பசிவம். "குளிர்ல இருந்து வந்த கண்ணாடி, ஆவி பட்டதும் வெளுத்துப்போச்சு. அப்ப அந்த அடுப்பு நெருப்பு எனக்கு ஆள் ஒசரத்துக்குத் தெரிஞ்சுது. கண்ணாடி சூடாக ஆக அது சின்னதாச்சு. கடைசில அடுப்பு மட்டும் நின்னுச்சு. பொங்கலன்னிக்குக் கேமராவுக்கும் அதேதான். காஸ் விளக்கு வெளிச்சம் பனி பூத்த கண்ணாடியில பரவுச்சு. பனி வெலக வெலகச் சுருங்குச்சு. நாலாவது படத்துல பேய் யாருக்குள்ளயும் போகல. கண்ணாடி காஞ்சிருச்சு, அவ்வளவுதான்."

"எடுக்கிறப்பவே தெரியாதாண்ணே?" என்றான் முருகையா.

"இந்தச் சின்னக் கேமராவுல நாம பாக்குற துவாரம் வேற, படம் விழுற கண்ணாடி வேற. எடுக்கிறவனுக்குத் தெரியாது."

வெளியே அமிர்தலிங்கம் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு இடிக்குது" என்றார் சாம்பசிவம். "உலர்த்தும் அறையில இருந்து சூடா வந்த கேமராவுல பனி பூக்காது. குளிர்ந்த கண்ணாடியிலதான் பூக்கும். அப்படின்னா அன்னிக்கு இது ஃபேக்டரியிலேருந்து வரல. நாலாவது படத்தப் பாருங்க. பேய் இல்ல, ஆனாலும் திலகத்தோட மொகம் தெளிவில்லாம இருக்கு. கதவு வழியா தெரியிற எதிர்மலை விளக்கு மட்டும் ஊசி மாதிரி இருக்கு. அவ்வளவு கருத்தான மனுஷன் தூரத்துல வெச்ச வளையத்தத் திருப்ப மறந்திருக்காரு. அதுக்கு முன்னால எதையோ தூரத்துல பாத்துக்கிட்டு, ரொம்ப நேரம் பனியில நின்னிருக்காரு. நேத்தும் நின்னிருக்காரு. நேத்து மாத்துன தூள் ஒரே நாள்ல நமத்துப்போச்சு, ஈரக் கேமராவ உள்ள வெச்சதால. அம்மா, படம் வந்த கவர் இருக்கா?"

மணியம்மா பூசாரிக்காகப் பத்திரப்படுத்தியிருந்த கவரைக் கொடுத்தாள். அதில் யாரும் எட்டிப் பார்க்காத நெகட்டிவ் சுருள் இருந்தது. சாம்பசிவம் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். பொங்கல் படங்களுக்கு முன்னால் ஆறேழு படங்கள். எல்லாம் ஒன்று போலவே இருந்தன. நெகட்டிவில் கறுப்பும் வெளுப்பும் தலைகீழ் என்பதால் கறுத்த பனி, வெளுத்த மரம், அதன் கீழே மேடுகள். ஆள் நடமாட்டமே இல்லை. நீலாவதி கிட்டே வந்து பார்த்தாள்.

"இது சுடுகாடு" என்றாள். "அந்த மரத்துக்குக் கீழதான் அக்கா இருக்கு."

முருகையா கதவைவிட்டு நகர்ந்துகொண்டான். ஓடிப்போகிற குற்றவாளி யாரும் அங்கே இல்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

"போனது தப்பில்ல, தம்பி" என்றார் சாம்பசிவம். குரல் உயரவில்லை. "ஆனா கண்ணாடியில ஈரம் பட்டா என்ன ஆகும்னு இந்த மலையிலேயே ஒங்களவுக்கு யாருக்கும் தெரியாது. படம் வந்த அன்னிக்கே அது பனின்னு ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கல. ஏன்?"

சுப்பிரமணியம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான். "அதுக்குள்ள லைன் பூராவும் பவளம், பவளம்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு வருஷமா இந்த வீட்ல யாரும் சொல்லாத பேரு. குழாயடியில சொல்றாங்க, கொழுந்து எடுக்கிற எடத்துல சொல்றாங்க. பனின்னு சொன்னா அது நின்னுபோயிடும்."

"அதுக்கு எம் மகளத் தெருவுல விட்டியா?" என்றார் அமிர்தலிங்கம். அவர் குரல் உடைந்திருந்தது.

திலகம் தகப்பனாரின் கையை விலக்கிவிட்டு, யாரையும் கேட்காமல் படியேறி உள்ளே வந்தாள். கணவனுக்கு முன்னால் நின்றாள். "பேய்னு நெனச்சப்ப பயமா மட்டும்தான் இருந்துச்சு. இப்பதான் வயிறு எரியுது. என்னைய வேப்பிலையால அடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சும் பாத்துக்கிட்டு இருந்தீங்க. இந்தக் கோவம் எனக்கு லேசுல போகாது. நாளைக்கு நீங்களும் அத்தையும் கோயில்ல எல்லாரு முன்னாலயும் உண்மையச் சொல்லணும். சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

மணியம்மாவும் தலையாட்டினாள்.

"சுடுகாட்டுல எதுக்குக் கேமரா?" என்றாள் திலகம்.

அவன் சாம்பசிவத்தின் கையிலிருந்து நெகட்டிவ் சுருளை வாங்கிக் கவருக்குள் சொருகினான்.

"சரி. அவங்க எப்படி இருப்பாங்க? அதையாவது எங்கிட்ட சொல்லுங்க."

அவன் நிமிர்ந்தான். "நல்ல ஒசரம். மாநிறம். சிரிச்சா கன்னத்துல குழி விழும்."

"இல்ல மாமா" என்றாள் நீலாவதி மெதுவாக. "குழி எனக்குத்தான். அக்காவுக்கு விழாது."

சுப்பிரமணியம் அவளைப் பார்த்தான். பிறகு சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான். "அதுக்குத்தான் போறேன்" என்றான். "ஒரு படம்கூட இல்ல. மொகம் மறந்துபோச்சு. பனியில ஒருவாட்டி வந்துட்டாப் போதும்னு நிக்கிறேன்."

அந்த வெள்ளை உருவத்துக்கு முகம் இல்லாததை நினைத்தபோது, காலையில் வந்த பயத்தைவிட இந்தத் துக்கம் முருகையாவுக்குப் பெரிதாக இருந்தது. சாம்பசிவம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோபம் திலகத்தின் முகத்திலிருந்து போகவில்லை. ஆனாலும் கணவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, நீலாவதியைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "நீங்க சொல்லுங்க. நெத்தியிலேருந்து ஆரம்பிங்க. அவரும் கேக்கட்டும், நானும் கேக்குறேன்."

நீலாவதி யோசித்தாள். நெற்றி அகலமாக இருக்கும் என்றாள், புருவம் மெலிசு என்றாள். அதற்கு மேல் அழுகை வந்து நின்றுவிட்டாள்.

அடுப்படியில் நின்ற மணியம்மா அண்டாவுக்குக் கீழே எரிந்த விறகை வெளியே இழுத்துப்போட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி மகனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மெலிசு இல்லடி" என்றாள். "பவளத்துக்கு நல்ல அடர்த்தியான புருவம். எடதுபுருவம் கொஞ்சம் ஒசந்திருக்கும். என்ன சொன்னாலும் பவளம் அப்படியாங்கிற மாதிரிதான் பாப்பா."